தாழ்ப்பாள் இல்லாத காம்பரா

"இது எதுக்குத் தம்பி பயப்படும்?"

ஆயாம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் கையில் ஒரு பசை டப்பா. நான் ஸ்டூல் மேல் நின்று சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம். ஒரே பலகையை ஏற்று, இறக்கு, இல்லை அந்தப் பக்கம் தள்ளு என்று காலையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். இதில் பசை டப்பாவின் பயம் வேறு.

"ஒட்டாமப் போயிருவமோன்னு பயப்படுமுங்க" என்றேன் நக்கலாக.

அவர் சிரிக்கவில்லை. "குளிருக்குப் பயப்படும். இந்த ஊரு குளிர்ல கட்டியாப் போயிரும். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் என் அடுப்பு. தொட்டுப் பாருங்க. பசைக்கு இடம் அங்க."

தொட்டுப் பார்த்தேன். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. பலகையை அங்கேயே அடித்தேன்.

எனக்கு மரவேலை. அலமாரி, ரேக், ஜன்னல், அவசரத்துக்கு வயரிங். குன்னூரைச் சுற்றி என் கை படாத வீடு குறைவு என்று நானே சொல்லிக்கொள்வேன், மற்றவர்கள் சொல்லக் காத்திருந்தால் நடக்காது. ஆயாம்மாவின் வீடு மெயின் ரோட்டிலிருந்து கீழே இறங்கும் சரிவில் இருந்தது. எஸ்டேட்டில் வேலைக்குப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ்ஷில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைப் பிள்ளைக் காம்பரா என்பார். சிறுமியாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அறை என்றால் அவருக்குக் காம்பராதான், டீ என்றால் தேத்தண்ணிதான். ஊரே அவரை ஆயாம்மா என்று கூப்பிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கம்பளி நூலில் குழந்தைக் குல்லா, கால் உறை, துணி பொம்மை, தொட்டிலில் தொங்கவிடும் கிளி எல்லாம் செய்து சீசனில் கடைகளுக்குக் கொடுத்தார். வீட்டை ஒட்டியிருந்த காம்பராவில் எல்லாவற்றையும் சாக்கு சாக்காகக் கட்டிப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலம் முடிந்து சாக்கைப் பிரித்தால் உள்ளே பூஞ்சை. பொம்மைகளின் முகத்தில் பச்சைப் புள்ளி, ஊசியெல்லாம் துரு. ஒரு சீசனுக்கான வேலை அப்படியே குப்பைக்குப் போனது. அழுத பெண்களைத் தேற்றிவிட்டு ஆயாம்மா எனக்குப் போன் போட்டார். அந்தக் காம்பராவை ஒழுங்கான வேலைக்கூடமாக மாற்ற வேண்டும் என்றார்.

எங்கள் ஊரில் இதை எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நாலு சுவருக்கும் ரேக், அளவுக்கு அளவு டப்பா, முடிந்தது. இவரோ ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அது எதுக்குப் பயப்படும் என்று கேட்டுவிட்டுத்தான் இடம் சொன்னார். கலர் துணி வெளிச்சத்துக்குப் பயப்படும், வெளுத்துப்போகும். அதனால் ஜன்னல் படாத மூலை. கம்பளி நூல் ஈரத்துக்குப் பயப்படும்; அதற்கு ஓர் அலமாரி, உள்ளே குண்டு பல்பு ஒன்று. மலையில் பல வீட்டு பீரோவுக்குள் பல்பு எரிவது உண்டு, ஆனால் பல்புக்கு எவ்வளவு தள்ளி நூல், எவ்வளவு தள்ளி அட்டை என்று கையை உள்ளே நீட்டிச் சூடு பார்த்துச் சொன்னவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கத்தரிக்கோலும் ஊசியும் தேங்காயெண்ணெய் தொட்ட துணிக்குள் போயின. இஸ்திரிப் பெட்டியைக் காட்டி, "இது?" என்றேன்.

"அது யாருக்குப் பயப்படும்? நாமதான் பயப்படணும். தனியாக் கல்லு மேல வைங்க."

"பொத்தான்?" இந்தத் தடவை மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். பொத்தானுக்கு ஈரமும் ஒன்றுதான் வெயிலும் ஒன்றுதான்.

"பாவம், அதுக்குத்தான் பெரிய பயம். கூட்டத்துல காணாமப் போயிருவோம்னு." நிறத்துக்கு ஒன்றாகக் கண்ணாடிப் பாட்டில்களில் பொத்தானைப் போட்டுக் கண் மட்டத்தில் வரிசையாக வைக்கச் சொன்னார்.

அடேயப்பா! அன்று மாலை வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அறை நிறைந்திருந்தது, ஆனால் நடக்க இடம் இருந்தது. எந்தப் பொருளும் இன்னொன்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கவில்லை. நான் எத்தனையோ வீட்டுக்கு ரேக் அடித்தவன். அடித்த அறை ஒன்றைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது அன்றைக்குத்தான்.

கதவில்தான் எங்களுக்குப் பெரிய சண்டை. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றார். உள்ளே தாழ்ப்பாள் கூடாது என்றார்.

"ஏனுங்க ஆயாம்மா, கடைக்கா கதவு போடறோம்? ஊட்டுக் கதவு உள்பக்கமாத்தான் திறக்கோணும். தாழ்ப்பாள் இல்லாட்டி இந்தக் காத்துக்குக் கதவு பேத்துட்டுப் போயிருமுங்க."

"ஒரு துணிக்கயிறு போதும் தம்பி. ஆணியில மாட்டிக்குவோம். சின்னப் புள்ளை இழுத்தாலும் அவுந்துரணும்."

"இங்க ஏதுங்க சின்னப் புள்ளை?"

"போடுங்கன்னா போடுங்க" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான். முணுமுணுத்துக்கொண்டே கீலை மாற்றிப் போட்டேன்.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். அந்த அறையில் எல்லாருக்கும் ஓர் இருக்கை உண்டு, அவருக்கு இல்லை. நிலைப்படியில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டேதான் பின்னுவார். நின்றுகொண்டேதான் தேத்தண்ணி குடிப்பார். "உக்காருங்க ஆயாம்மா" என்று யாராவது சொன்னால், "பிள்ளைக் காம்பராவுல உக்காந்து எனக்குப் பழக்கம் இல்ல" என்பார். நாங்களும் நம்பினோம்.

பிள்ளைக் காம்பராக் கதைகளை அங்கே வரும் பெண்கள் சொல்வார்கள். அவர்களில் சிலர் தங்கள் குழந்தையை ஆயாம்மாவின் தொட்டிலில் போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவர்கள். ஒரு குழந்தை அம்மா போனதும் நீலம் பாரிக்க அழுமாம். அந்தத் தாய் இடுப்பில் கட்டும் சாக்குத்துணியில் பழையது ஒன்றைக் கேட்டு வாங்கித் தொட்டில் கயிற்றில் கட்டிவிட்டாராம். கொழுந்து வாசமும் அம்மா வாசமும் சேர்ந்து அடிக்க, குழந்தை தூங்கிவிட்டதாம். இன்னொரு பையனுக்கு நாய் என்றால் உயிர் போகும். மற்ற ஆயாவாக இருந்தால் அவனை உள்ளறையில் வைத்திருப்பார். இவரோ வாசலில் நாய் படுத்திருப்பது நன்றாகத் தெரிகிற இடத்தில் பாயைப் போட்டாராம். கத்தினானாம், பிறகு பார்த்தானாம், பிறகு பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டானாம்.

இதையெல்லாம் கேட்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன், என் முறை வரும்வரை.

வேலை முடிகிற சமயம். முடிந்த வேலையையே நான் மறுபடி மறுபடி தொட்டுக்கொண்டிருந்தேன். ஆணியை இறுக்கினேன், பலகையைத் தேய்த்தேன்.

"தம்பி, நீங்க வீட்டுக்குப் போகப் பயப்படுறீங்க" என்றார் ஆயாம்மா.

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வீசி எறிந்தேன். "உங்க வேலையப் பாருங்க" என்று கத்தினேன். அவர் அதைக் குனிந்து எடுத்து, அதற்கு உரிய இடத்தில் வைத்துவிட்டு, சீனி தூக்கலாகப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

என் மனைவி சாந்தி மேட்டுப்பாளையத்துக்காரி. கல்யாணமாகி மலைக்கு வந்து நன்றாகத்தான் இருந்தாள். ஒரு மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்து சமையலறைச் சுவரை உள்ளே தள்ளியது. அவளுக்கு அடி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மேகம் கறுத்தாலே பையில் துணியை எடுத்து வைத்துவிடுவாள். மழைக்கு மழை தங்கச்சி வீட்டுக்கு இறங்கிப் போவாள். அந்த வருடம் போனவள் வரவில்லை. "நான் மேல வரமாட்டேனுங்க. நீங்க வேணா கீழ வந்துருங்க" என்று போனில் சொல்லிவிட்டாள். எனக்குத் தொழில், ஆட்கள், பழக்கம் எல்லாம் மேலே. பர்லியார் தாண்டி இறங்கினால் வெக்கையில் எனக்கு மூச்சே விட முடியாது. அவளை விட்டும் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் இறங்கிப் போவதும் ஏறி வருவதுமாக ஒரு வருடம் ஓடிவிட்டது.

"பின்னத் தெரியுமா அவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார் ஆயாம்மா.

"குரோஷா போட்டான்னா நாள் பூராப் போடுவாளுங்க."

"கூட்டிட்டு வாங்க. இடம் இருக்கு."

மழை இல்லாத தை மாதத்தில் ஒருநாள் வந்துபார் என்று கெஞ்சிக் கூத்தாடிச் சாந்தியைக் கூட்டிவந்தேன். அதற்குள் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்து வைத்திருந்தேன். ஆயாம்மாவின் காம்பராவுக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் நேரே மண்மேட்டைத் தாங்கும் தடுப்புச்சுவர். அவள் கண்ணில் அது படக்கூடாதென்று ஜன்னலை முழுக்க மறைத்து ஒரு பெரிய ரேக்கை நிறுத்தி, அதற்கு முதுகு காட்டி உட்காரும்படி அவளுக்கு ஒரு மேஜையும் போட்டிருந்தேன். கேட்காமல், காசு வாங்காமல், ஆசையாகச் செய்தது.

ஆயாம்மா வந்து பார்த்தார். "இதை யாரு தம்பி இங்க வச்சது? எடுங்க."

"ஆயாம்மா, அவளுக்கு அந்த மண்ணப் பாத்தாவே..."

"அதுனாலதான். பயப்படுறதை முதுகுக்குப் பின்னால வைக்க ஏலாது. பின்னால இருந்தா அது வளரும்."

நாய்க்குப் பயந்த பையன் எனக்கு நினைவு வந்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இத்தனை நாள் கெஞ்சிக் கூட்டிவந்த பெண்டாட்டி அடுத்த பஸ்ஸிலேயே இறங்கிவிட்டால்? இருந்தும் ரேக்கை நகர்த்தி, மேஜையை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். சாந்தியின் முகம் வெளுத்துவிட்டது. ஆயாம்மா அவள் தோளில் கைவைத்து, "அந்தச் சுவரு இனி உங்க பொறுப்பு. எங்களுக்கெல்லாம் குனிஞ்சு வேலை செய்யணும். நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ஒருநாளைக்கென்று வந்த சாந்தி மேலேயே தங்கிவிட்டாள், ஆனால் பல நாள் ஒரு கண்ணிகூடப் பின்னவில்லை. நூலை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை, ஆயாம்மாவின் உத்தரவு அப்படி. கோடை மழை வந்தது. எழுந்து ஓடுவாள் என்று நான் ரோட்டில் காத்து நின்றேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து, "சுவத்துல தண்ணி வடியறதுக்குன்னு ஓட்டை உட்டிருக்காங்கல்லங்க, மழை வலுத்தா அதுல தண்ணியும் வலுக்குது, மழை விட்டா கொறையுது" என்றாள். எனக்கு அதுவரை தெரியாது. பிறகு ஒருநாள், பேசிக்கொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டே, கை பாட்டுக்குப் பின்ன ஆரம்பித்தது. அவள் போட்ட முதல் குல்லாவை ஆயாம்மா விற்கக் கொடுக்கவில்லை. ஆணியில் மாட்டி வைத்தார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. அலமாரி பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று கூப்பிட்டிருந்தார், போயிருந்தேன். மதியம் இருக்கும். உள்ளே பெண்கள் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். கூரைமேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை.

"ஆயாம்மா" என்றாள் சாந்தி. "ஓட்டையில தண்ணி நின்னு போச்சுங்க."

"மழை கொறைஞ்சிருக்கா?"

"இல்லீங்க. மழை கொட்டுது. தண்ணி மட்டும் நின்னு போச்சு. எல்லா ஓட்டையிலயும்."

"எலை குப்பை அடைச்சிருக்கும் சாந்தி" என்றேன் நான், ஏணியில் நின்றபடி. பெரிய மேதாவி.

ஆயாம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் எந்திரிங்க. கையில இருக்கறதைப் போட்டுட்டு வெளிய வாங்க. ரோட்டுக்கு." கத்தவில்லை. தூங்குகிற குழந்தைகளுக்கு நடுவில் பேசும் குரல் அது. அந்தக் குரலுக்கு நானும் ஏணியிலிருந்து குதித்தேன். முன்னால் போனவள் கையால்கூடத் தொடவில்லை. முழங்கை பட்டதும் துணிக்கயிறு அவிழ்ந்து கதவு வெளியே திறந்துகொண்டது. நிலைப்படியில் நின்று, தாண்டுகிற ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு அனுப்பினார் ஆயாம்மா. சாந்திக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு அவர். போகிற போக்கில் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கத்திக் கூப்பிட்டு ரோட்டுக்கு ஏற்றினோம்.

ரோட்டில் நின்று மூச்சு வாங்கும்போது கீழே லாரியில் ஜல்லி கொட்டுவது போல் சத்தம் கேட்டது. மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர் வடிய வழியில்லாமல் தடுப்புச்சுவரைத் தள்ளிவிட்டது. செம்மண் அந்த ஜன்னல் வழியாகவே காம்பராவுக்குள் புகுந்து, சாந்தியின் மேஜையை எதிர்ச்சுவர்வரை கொண்டுபோயிருந்தது. ஆள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

சாந்தி நனைந்துகொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நான் பாத்துட்டேனுங்க" என்றாள். "நான் பாத்துட்டே இருந்தேனுங்க." நடுரோட்டில், அத்தனை பேர் முன்னால், அவளைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் நானே சொன்னேன், மேட்டுப்பாளையமே போய்விடலாம், தொழில் எப்படியாவது போகட்டும் என்று. "எதுக்குங்க?" என்றாள். "அங்க போனா மழை எனக்கு முதுகுக்குப் பின்னால பெய்யும்." அதன் பிறகு எத்தனையோ மழை பார்த்துவிட்டோம். அவள் இறங்கிப் போகவில்லை.

ஆயாம்மாதான் போனார். அந்த இடத்தில் இனி வீடு கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கூடலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது மண்ணிலிருந்து தோண்டி எடுத்த பொத்தான் பாட்டில்களையும் ஆணியில் தொங்கிய அந்தக் குல்லாவையும் எடுத்துப்போனார். கொஞ்ச நாள் கழித்துப் போன் வந்தது. "தம்பி, இங்க மொளகு மூட்டை போடுற காம்பரா ஒண்ணு காலியா இருக்கு. வாங்க."

சாந்தியும் நானும் போனோம். அங்கே புதிதாகச் சில பெண்கள், பாதிப் பேச்சு மலையாளம். ஆயாம்மாவும் "மதி தம்பி, மதி" என்று மலையாளத்தில் போதும் சொல்லப் பழகியிருந்தார். மற்றபடி அதே கேள்விதான், அதே நிலைப்படிதான், அதே நின்ற கோலம்தான்.

கதவை அவர் சொல்வதற்கு முன்பே வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினேன். தாழ்ப்பாள் வைக்கவில்லை. ஆணியில் துணிக்கயிறு கட்டினேன். பிறகு நிலையை ஒட்டி, பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி, பலகையில் ஓர் இருக்கை அடித்தேன். அங்கே உட்கார்ந்தால் கதவு எப்போதும் கைக்கு எட்டும்.

"இது யாருக்குத் தம்பி?"

"தாழ்ப்பாளுக்குப் பயப்படறவங்களுக்குங்க" என்றேன்.

ஆயாம்மா அந்தப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, பொத்தானைப் பற்றிச் சொல்வது போலவே, மெதுவாகச் சொன்னார். "இலங்கையில கலவரத்துல, நாங்க இருந்த லயத்து வீடுகளுக்குத் தீ வச்சாங்க தம்பி. நாங்க உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு ஒளிஞ்சிருந்தோம். பொகையில அது யாரு கைக்கும் அகப்படல்ல. கடைசியில என் கைக்கு அகப்பட்டுச்சு. அதுக்குள்ள என் தம்பி போயிட்டான்."

சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் இத்தனை பேர் பயத்தைக் கேட்டுக் கேட்டு இடம் கொடுத்தவர். அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. கும்பிட்டால் திட்டுவார்.

"உக்காருங்க ஆயாம்மா" என்றேன்.

பலகையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். புடவையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கால் தரையில் எட்டவில்லை, அந்தரத்தில் ஆடியது.

"என்ன தம்பி, அளவெடுக்காம அடிச்சிட்டீங்களே?" என்றார்.

நான் எப்படி அளவெடுப்பேன்? அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே.